பே சிலிப்பில் நான் வாசிக்காத வரி

மாதம் 25ஆம் திகதி பின்னேரம் எங்கட கொம்பனியில் மின்னஞ்சலில் பே சிலிப் வரும். திறக்க அடையாள அட்டை இலக்கத்தைக் கடவுச்சொல்லாகப் போட வேண்டும். திறந்தவுடன் என்ர கண் நேரே அடிக்குத்தான் போகும். அங்கே 'நெட் பே' என்று ஒரு தொகை இருக்கும். போன மாதத்துத் தொகையே இந்த மாதமும் இருந்தால் மூடிவிடுவேன். இரண்டு வருசமாக நான் பே சிலிப் வாசித்த முறை இதுதான்.

2025 செப்ரெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரியாலையில் எங்கட வாசிகசாலை விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். கதை எப்படியோ சம்பளத்துக்கு வந்தது. என்னோடு படித்த ஒருவன் வேறு ஓரிடத்தில் வேலை செய்கிறான். அவனுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம்.

"உனக்கு வரி எவ்வளவு மச்சான் வெட்டுறாங்கள்?"

"ஏழாயிரத்துச் சொச்சம்."

"விசரே உனக்கு? எனக்கு ஆயிரத்து எண்ணூறுதான்."

முதலில் அவன் பகிடி விடுகிறான் என்றுதான் நினைத்தேன். போனை எடுத்து இரண்டு பேரும் பே சிலிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவன் சொன்னது உண்மைதான்.

கணக்கு பெரிய கணக்கில்லை. 2025 ஏப்ரல் 1 தொடக்கம் தனிநபர் வருமான வரியில் விலக்குத் தொகை ஆண்டுக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாக உயர்ந்தது. மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு இலட்சம் என்றிருந்தது ஒன்றரை இலட்சம் ஆனது. அதற்கு மேல் வருகிற முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். என்ர சம்பளம் கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்து 180,000 ரூபாய். ஒன்றரை இலட்சம் போக மிச்சம் 30,000. அதில் 6 சதவீதம் 1,800. பழைய கணக்குப்படி என்றால் ஒரு இலட்சம் போக மிச்சம் 80,000. அதில் முதல் 41,667க்கு 6 சதவீதம் 2,500, மீதிக்கு 12 சதவீதம் 4,600, மொத்தம் 7,100. எங்கட கொம்பனி சட்டம் மாறின பிறகும் பழைய அட்டவணையிலேயே வெட்டிக்கொண்டிருந்தது. மாதம் 5,300 ரூபாய் கூட. செப்ரெம்பரோடு ஆறு மாதம். 31,800 ரூபாய்.

இந்தக் கட்டுரை அந்த 31,800 ரூபாயைப் பற்றியது மட்டும் இல்லை. அதைத் திருப்பிக் கேட்கப் போனபோது விளங்கிய ஒன்றைப் பற்றியது. பிழை விடுகிறவர் ஒருவர், அந்தப் பிழைக்குக் காசும் நேரமும் கட்டுகிறவர் இன்னொருவர். எங்கட ஊரில் அந்த இன்னொருவர் வாயைத் திறந்தால் நன்றி கெட்டவர் என்ற பேரையும் சேர்த்து வாங்க வேண்டும்.

திங்கட்கிழமை கணக்குப் பகுதியில் இருக்கிற அக்காவிடம் போனேன். அவ நல்ல மனுசி. நாற்பது பேருடைய சம்பளத்தை ஒரு எக்செல் தாளில் தனியாகச் செய்கிறா. அந்தத் தாளை அவவுக்கு முதல் இருந்த ஆள் செய்து வைத்துவிட்டுப் போனவர். வரிக்கான சூத்திரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றுகூட அவவுக்குத் தெரியாது. ஏப்ரலில் சட்டம் மாறினது செய்தியில் கேள்விப்பட்டவ. ஆனால் "தாளை மாத்தச் சொல்லி ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல தம்பி" என்றா. அவவில் எனக்குக் கோபம் வரவில்லை. வரிச் சட்டம் மாறும்போது அதைப் படித்துச் சொல்ல வேண்டியது ஒரு கொம்பனியின் பொறுப்பு. அதை 60,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒருவருடைய தலையில் கட்டிவிட்டு, பிழைத்தவுடன் அவவைக் கைகாட்டுவது அநியாயம்.

அடுத்தது பெரியவர். அவர் என்னை இருக்கச் சொன்னார், தேத்தண்ணி எடுப்பித்தார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது கவண்மேந்துக்குத்தானே போகுது தம்பி, எங்கட பொக்கற்றுக்கா போகுது? எங்களுக்கு அதில ஒரு லாபமும் இல்லையே."

இந்த வாதத்தைப் பலர் பல இடங்களில் கேட்டிருப்பீர்கள். கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் எடுத்தவருக்கு லாபம் இல்லை என்பதால் கொடுத்தவருக்கு நட்டம் இல்லை என்று ஆகிவிடாது. என்ர கையிலிருந்து போன காசு யாரிடம் போனது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அது ஏன் போனது என்பது.

வீட்டில் அம்மா சொன்னா: "வேலை தந்தவையோட கணக்குப் பாக்காதை. இந்த ஊரில உப்பிடி ஒரு வேலை ஆருக்குக் கிடைக்குது?" அம்மாவின் பயம் எனக்கு விளங்கும். வேலை என்பது இங்கே ஒரு உபகாரம். யாரோ ஒருவர் சொல்லி, யாரோ ஒருவர் சேர்த்து விட்டு, அதற்குப் பிறகு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். வரி என்ற சொல்லும் எங்களுக்கு நல்ல ஞாபகம் இல்லை. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தரப்புகளுக்கு வரி கட்டின சனம் நாங்கள். கேட்கிறதைக் கட்டிவிட்டுத் துண்டை வாங்கிப் பத்திரமாக வை, கேள்வி கேளாதே என்பதுதான் மூத்த தலைமுறை உயிரோடு இருக்கப் படித்த பாடம். அந்தப் பாடத்தை அலுவலகத்துக்குள்ளும் கொண்டுவந்து விட்டோம் என்பதுதான் என்ர கவலை.

சரி, என்ர கதை எங்கே போய் முடிந்தது என்று சொல்கிறேன். ஏனென்றால் இந்தக் கணக்கில் ஒரு பாடம் இருக்கிறது.

எனக்கு அந்த முழு ஆண்டுக்கும் வரவேண்டிய வரி 21,600 ரூபாய். 180,000 பெருக்கல் 12, அதில் 18 இலட்சம் போனால் 360,000, அதில் 6 சதவீதம். செப்ரெம்பர் வரை ஏற்கெனவே வெட்டியிருந்தது 42,600. அதாவது ஆறு மாதத்திலேயே முழு ஆண்டுக்கான வரியையும்விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கட்டி முடித்துவிட்டேன். நான் எழுத்தில் கேட்ட பிறகு ஒக்ரோபரிலிருந்து மார்ச் வரை வரி வெட்டாமல் விட்டார்கள். "மிச்ச மாதங்களில சரிக்கட்டியாச்சுத்தானே" என்றார்கள். பாதிதான் சரி. வெட்டாமல் விட்ட ஆறு மாதத்தில் எனக்கு மிஞ்சியது 10,800. கூட வெட்டியது 31,800. இன்னும் 21,000 ரூபாய் வெளியே நிற்கிறது. அதை முதலாளி தர மாட்டார், அது திணைக்களத்திடம் இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31 இல் முடிந்த பிறகு, நவம்பர் 30க்கு முதல் வருமான விபரத்திரட்டு நிரப்பி, மீளளிப்புக் கேட்க வேண்டும். ஏப்ரலில் அல்லது மேயில் கேட்டிருந்தால் சம்பளத்திலேயே முழுதும் சரிக்கட்டியிருக்கலாம். ஆறு மாதம் பே சிலிப்பின் அடியை மட்டும் பார்த்ததுக்கு நான் கொடுத்த விலை அது.

விபரத்திரட்டு நிரப்ப ரி-10 என்ற பத்திரம் வேண்டும். ஆண்டு முழுவதும் உனக்குக் கொடுத்த சம்பளம் இவ்வளவு, அதில் பிடித்துக் கட்டிய வரி இவ்வளவு என்று முதலாளி எழுதித் தருகிற சான்றிதழ். எனக்கு அது வந்தபோது அதில் என்ர வரி செலுத்துநர் இலக்கம், அதுதான் எல்லோரும் சொல்கிற ரின் நம்பர், இருந்த கட்டம் வெறுமையாக இருந்தது. பெயரும் பிழை. அப்பாவின் பெயர் என்ர பெயராகவும் என்ர பெயர் முதலெழுத்தாகவும் மாறிக் கிடந்தது. தமிழ்ப் பெயர்களுக்கு இது அடிக்கடி நடக்கிற ஒன்று. கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி. ஆனால் வரிக் கணக்கில் இது சின்னப் பிழை இல்லை. நீ கட்டின காசு உன்னுடைய பெயரில் ஏறாமல் அந்தரத்தில் நிற்கும். மூன்று கடிதம் எழுதி அதைத் திருத்துவித்தேன். மீளளிப்பு இன்னும் வரவில்லை. அதற்குக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கிறேன்.

இவ்வளவும் வாசித்துவிட்டு ஒருவர் கேட்கலாம், வரி கட்டுற அளவுக்குச் சம்பளம் எடுக்கிறவன் ஏன் இப்படி அழுகிறான் என்று. நியாயமான கேள்வி. எங்கட பகுதியில் பெரும்பாலானோருக்கு மாதம் ஒன்றரை இலட்சம் என்பது எட்டாத தொகை. அதனால்தான் இந்தப் பிரச்சினையை வருமான வரியோடு நிறுத்த எனக்கு விருப்பமில்லை. சம்பளத்தில் கை வைக்கிற பிழைகள் பல உருவத்தில் வரும். நான் கண்ட மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வெட்ட வேண்டியதை வெட்டாமல் விடுவது. எனக்குத் தெரிந்த ஒருவர் பகலில் ஓரிடத்தில் 140,000 ரூபாய்க்கு வேலை, பின்னேரம் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் 100,000 ரூபாய்க்கு வேலை. இரண்டு இடமும் ஒன்றரை இலட்சத்துக்குக் கீழ் என்பதால் இரண்டு இடத்திலும் வரி பிடிக்கவில்லை. அவருக்கு நல்ல சந்தோசம். ஆனால் விலக்கு ஓராளுக்கு ஒரு தரம்தான், வேலைக்கு ஒரு தரம் இல்லை. இரண்டையும் கூட்டினால் மாதம் 240,000. ஆண்டு வரி 74,400 ரூபாய். இது இரண்டாவது வேலையா என்று அந்த நிலையம் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஆண்டு முடிவில் அந்தத் தொகை ஒரேயடியாக இவருடைய தலையில்தான் விழும். பிந்தினால் வட்டியும் தண்டமும் சேரும். வரியைப் பிடிக்கத் தவறிய முதலாளிக்கும் சட்டத்தில் பொறுப்பு இருக்கிறது. ஆனாலும் வருமானம் உன்னுடையது, அதைக் கணக்கில் காட்ட வேண்டியதும் நீதான். வெட்டாத மாதத்தில் சந்தோசப்படுகிற நாங்கள், அது கடன் என்பதை மறந்து விடுகிறோம்.

இரண்டாவது, ஊழியரை ஊழியர் என்று சொல்லாமல் விடுவது. யாழ்ப்பாணத்தில் திட்டங்களை நம்பி நடக்கிற அலுவலகங்களிலும் சின்ன மென்பொருள் கொம்பனிகளிலும் இது நடக்கும். எட்டரைக்கு வர வேண்டும், ஐந்து மணிக்குப் போக வேண்டும், லீவு என்றால் கேட்க வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் 'கொன்சல்ரன்ற்' என்று எழுதியிருக்கும். கேட்கப் பெருமையான பட்டம். அதன் கணக்கைப் பாருங்கோ. 2023 ஜனவரி தொடக்கம் சேவைக் கட்டணமாக மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் கொடுத்தால் 5 சதவீதம் நிறுத்திவைக்க வேண்டும். 200,000 ரூபாய்க்கு அது மாதம் 10,000, ஆண்டுக்கு 120,000. அதே ஆளை ஊழியராகக் கணக்கெடுத்திருந்தால் ஆண்டு வரி 36,000 தான். வித்தியாசம் 84,000. அதையாவது விபரத்திரட்டில் காட்டித் திருப்பிக் கேட்கலாம். திருப்பிக் கேட்க ஏலாதது ஒன்று இருக்கிறது. ஊழியர் என்றால் முதலாளி சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் தன் பங்காகக் கட்ட வேண்டும். 200,000க்கு அது மாதம் 30,000, ஆண்டுக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம். ஒரு சொல்லை மாற்றிப் போட்டதில் போன காசு அது. இதைப் பிழை என்று சொல்லவா, வேறு ஏதாவது சொல்லவா என்று நீங்களே யோசியுங்கோ.

மூன்றாவதுதான் மோசம். வெட்டுவது, ஆனால் கட்டாமல் விடுவது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நிரந்தரம், தற்காலிகம், பயிற்சிக் காலம் என்ற வேறுபாடு இல்லாமல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து அது பொருந்தும். ஊழியரிடம் 8 சதவீதம் பிடித்து, முதலாளி 12 சதவீதம் சேர்த்து, அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். 2026 ஜனவரி தொடக்கம் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அந்தச் சம்பளம் எடுக்கிற பிள்ளைக்குக்கூட மாதம் 2,400 அவளுடைய பங்கு, 3,600 முதலாளியின் பங்கு, அதற்கு மேல் நம்பிக்கை நிதி 900. மொத்தம் 6,900. பத்து வருசத்துக்கு இது எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கோ, வட்டியை விட்டுவிட்டு.

வருமான வரி எல்லோரையும் தொடாது. இது தொடும். புடவைக் கடையில் நிற்கிற பிள்ளையையும், மருந்துக் கடையில் நிற்கிற பெடியனையும், ரியூசன் நிலையத்தில் கதவு திறக்கிற ஐயாவையும் தொடும். இவர்களில் ஒருவரும் 'நாங்கள் வரி கட்டாத ஆட்கள்' என்றும் ஒதுங்க வேண்டியதில்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். கடையில் வாங்குகிற எத்தனையோ சாமானில் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்தக் குளறுபடி எங்கட நாட்டுக்கு மட்டும் உரியதில்லை. அரியாலையில் வீட்டுக்கு ஒருவராவது லண்டனிலோ கனடாவிலோ இருப்பார்கள். அங்கெல்லாம் எல்லாம் ஒழுங்கு என்று நாங்கள் நினைக்கிறோம். பிரித்தானியாவில் 2010 செப்ரெம்பரில் வரித் திணைக்களம் தன்னுடைய புதிய கணினி முறையில் முந்தைய இரண்டு ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தது. ஏறத்தாழ 43 இலட்சம் பேரிடம் சம்பளத்தில் கூட வரி பிடித்திருந்தார்கள். இன்னும் 14 இலட்சம் பேரிடம் குறையப் பிடித்திருந்தார்கள். அந்த 14 இலட்சம் பேரும் சராசரியாக 1,428 பவுண் கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்த மனுசர் ஒரு படிவத்தையும் ஒளிக்கவில்லை. முதலாளி பிடித்தார், அரசாங்கம் எடுத்தது, அவர்கள் மிச்சத்தை வைத்துச் சீவித்தார்கள். 300 பவுணுக்குக் குறைந்த தொகைகளை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். அங்கே ஒரு விதி உண்டு. முதலாளி போதிய கவனம் எடுக்காததால் வரி குறைந்தது என்றால் திணைக்களம் முதலாளியிடம்தான் போகும். கவனம் எடுத்தும் நல்லெண்ணத்தோடு விட்ட பிழை என்றால் ஊழியரிடம் வரலாம். ஆக, பிழை யாருடையது என்று கேட்பதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு இடம் இருக்கிறது.

கனடாவின் கதை இன்னும் பெரியது. 2016 பெப்ரவரியில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்குச் சம்பளம் போட 'பீனிக்ஸ்' என்ற புதிய கணினி முறையைக் கொண்டுவந்தது. சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் குறைய வந்தது, சிலருக்குக் கூட வந்தது. கூட வந்தவர்கள்தான் விசித்திரமாக மாட்டினார்கள். உதாரணத்துக்கு 5,000 டொலர் கூடப் போட்டால், அதில் வரியும் மற்றதும் பிடித்துக் கையில் கிடைப்பது மூவாயிரத்துச் சொச்சம்தான். ஆண்டு கடந்துவிட்டால் திருப்பிக் கட்டச் சொன்னது 5,000. கையில் வராத காசை முதலில் கட்டிவிட்டு, பிறகு வரித் திணைக்களத்திடம் ஓடித் திருப்பி வாங்க வேண்டும். 2019 ஜனவரியில்தான், கையில் கிடைத்த தொகையை மட்டும் திருப்பிக் கட்டினால் காணும் என்று சட்டத்தை மாற்றும் அறிவிப்பு வந்தது. அந்த நாட்டின் கணக்காய்வாளர் நாயகம் இந்தத் திட்டத்தை விளங்கிக்கொள்ளவே முடியாத ஒரு தோல்வி என்று 2018 இல் அறிக்கையில் எழுதினார். அங்கே அந்த மாற்றம் தானாக வரவில்லை. தொழிற்சங்கங்கள் தெருவில் நின்றன. ஊழியர்கள் பே சிலிப்பைத் தூக்கிக்கொண்டு தொலைக்காட்சிக்கு வந்தார்கள். ஒருவரும் அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று சொல்லவில்லை.

எங்கட சின்னக் கொம்பனிகளில் தொழிற்சங்கம் இல்லை. பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்கிற இடத்தில் சங்கம் வைக்கும் நிலை உடனே வரப் போவதும் இல்லை. ஆனால் வாசிகசாலை விறாந்தை இருக்கிறது. என்ர பிழை வெளிவந்தது எந்த அதிகாரியாலும் இல்லை. இரண்டு நண்பர்கள் சம்பளத்தை ஒளிக்காமல் கதைத்ததால் வந்தது. சம்பளத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்ற எழுதாத சட்டத்தை யார் போட்டது, அதனால் யாருக்கு லாபம் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? கண்ணூறு படும் என்று அம்மாமார் சொல்லுவினம், 'கொன்பிடென்சல்' என்று முதலாளிமார் சொல்லுவினம். இரண்டும் கடைசியில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

மாதம் ஒருதரம் பத்து நிமிசம் ஒதுக்கிப் பே சிலிப்பை மேலிருந்து கீழாக வாசிக்கலாம். அடிப்படைச் சம்பளம், கொடுப்பனவுகள், வரி, சேமலாப நிதி என்று ஒவ்வொன்றாக. ஏப்ரல் மாதச் சிலிப்பைக் கட்டாயம் வாசிக்க வேண்டும், ஏனென்றால் வரி ஆண்டு அப்போதுதான் புதிதாகத் தொடங்குகிறது. ஆனால் ஏப்ரல் மட்டும் காணாது. 2023 ஜனவரியில் நடு ஆண்டில் விலக்கை 30 இலட்சத்திலிருந்து 12 இலட்சமாகக் குறைத்து, ஊழியரின் சம்மதம் இல்லாமலே வரி பிடிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அந்த ஆண்டின் கணக்கை ஒன்பது மாதமும் மூன்று மாதமுமாக இரண்டாகப் பிரித்துப் போட வேண்டி வந்தது. எக்செல் தாளில் சம்பளம் போடுகிற இடங்களில் இப்படியான நேரங்களில்தான் பிழை நுழையும்.

பிழை கண்டால் எழுத்தில் கேளுங்கோ. தேத்தண்ணியோடு கதைத்தது தேத்தண்ணியோடு போய்விடும். நான் எழுதிய மின்னஞ்சல் நாலு வரிதான். எந்த மாதம், எவ்வளவு வெட்டினது, எவ்வளவு வெட்டியிருக்க வேண்டும், எப்போது சரி செய்வீர்கள். அதில் கோபம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் திகதி இருந்தது. பிறகு எல்லாத்துக்கும் அதுதான் உதவியது. ரி-10 கிடைத்தவுடன் பெயரையும் ரின் நம்பரையும் பார்த்த பிறகுதான் உள்ளே இருக்கிற தொகையைப் பார்க்க வேண்டும். சேமலாப நிதிக்குக் கட்டுகிறார்களா என்பதைத் தொழில் திணைக்களத்தில் விசாரிக்கலாம், யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் இருக்கிறது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கும் இங்கே பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது. இரண்டுக்கும் தமிழிலேயே எழுதலாம். அது அவர்கள் காட்டும் தயவு இல்லை, அரசியலமைப்பு தந்த உரிமை.

முதலாளிமாரிடம் கேட்பதும் பெரிய விசயம் இல்லை. பே சிலிப்பைத் தமிழில் தாங்கோ. வரியை எப்படிக் கணித்தீர்கள் என்று அதிலேயே இரண்டு வரி எழுதுங்கோ. கணக்குப் பகுதியில் இருப்பவருக்கு வருசத்தில் ஒருநாளாவது பயிற்சி குடுங்கோ. உங்கட பிழையால் ஊழியர் அலைய வேண்டி வந்தால் அந்த அலைச்சலுக்கு லீவு குடுங்கோ, அவருடைய சம்பளத்தில் அதையும் வெட்டாதேயுங்கோ.

போன மாதம் அதே விறாந்தையில் நாலைந்து பேர் பே சிலிப்பைக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவனுக்குச் சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கணித்திருந்தது. இன்னொருவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது, அவள் நிம்மதியாகப் போனாள். பக்கத்து ஒழுங்கைத் தங்கச்சி ஒருத்தி, ரவுனில் ஒரு கடையில் மூன்று வருசமாக நிற்கிறவள், எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உன்ரயையும் காட்டன் என்றேன்.

"எனக்கு உது தாறேல்ல அண்ணா. கொப்பியில கையெழுத்து வாங்கிப்போட்டு என்வலப்பில காசு தருவினம்."

"சேமலாப நிதி வெட்டுறவையோ?"

"ஏதோ வெட்டுறவைதான். என்னண்டு கேக்கேல்ல."

அவளுக்குத் தொழில் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறோம். அவளுக்கு இன்னும் பயம், பெயர் போட வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டாள். அவளோடு வேலை செய்கிற இன்னும் மூன்று பேர் சேர்ந்து கையெழுத்து வைப்பார்களாம், கேட்டுவிட்டு வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.